ஒரே கார்டு, இரண்டு பெயர்: மேலூர் ஸ்டுடியோ கணினி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ஒரு ஸ்டுடியோ கணினியின் கிராபிக்ஸ் கார்டு பற்றி இங்கே எழுதியிருப்பது 2022-ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் கடையின் பெயரையும் விட்டுவிட்டேன். தொகைகளும் நடந்த வரிசையும் என் வேலைக் குறிப்பேட்டில் உள்ளபடியே இருக்கின்றன. என் தவறுகளும் அப்படித்தான்.

மேலூரில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்யும் ஸ்டுடியோ அது. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பத்து வருடப் பழக்கம். கொரோனா ஊரடங்கில் மண்டபத்துக்கு வர முடியாத உறவினர்களுக்காக முகூர்த்தத்தை நேரலையில் காட்டச் சொல்லி வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள். ஊரடங்கு தளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கும் வீடு மேலூர்ப் பக்கம் குறைவில்லை.

அவரிடம் இருந்த கணினியில் இன்டெல் ஐ5 6500 புராசசர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக எதுவும் இல்லை. நேரலைக்கு ஓபிஎஸ் மென்பொருள். முகூர்த்தம் நடக்கும்போது புராசசர் திணறி, படம் விட்டுவிட்டு ஓடியது. இதே தொழிலில் இருந்த நண்பர் ஒருவர், "1050 டிஐ கார்டு ஒன்று போடுங்கள், அதில் என்வென்க் இருக்கிறது" என்று சொன்னார். சரியான யோசனைதான். வீடியோவைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் வேலையைப் புராசசர் தலையில் கட்டாமல் தானே செய்துகொள்ளும் தனிச் சுற்று அந்தக் கார்டின் சிப்புக்குள் உண்டு. அதன் பெயர்தான் என்வென்க். என்விடியா நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த கெப்ளர் தலைமுறையில்தான் அது முதன்முதலாக வந்தது. இந்த ஆண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2021-இல் கிராபிக்ஸ் கார்டு விலை எப்படி இருந்தது என்பது அப்போது வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு, போதாததற்குக் கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் வாரிக்கொண்டு போனார்கள். புதிய 1050 டிஐ கையைச் சுட்டது. அண்ணன் கார்த்திகை மாதத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 8,500 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினார். புதியதன் விலையில் கிட்டத்தட்டப் பாதி. பில் இல்லை, பணம் போனில் அனுப்பப்பட்டது. விற்றவரே ஸ்டுடியோவுக்கு வந்து கார்டைச் செருகி, ஒரு பென் டிரைவிலிருந்து டிரைவரையும் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தார். போகும்போது இரண்டு சொன்னார்: "நெட்டிலிருந்து புது டிரைவர் எதுவும் இறக்க வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டை அணைத்தே வைத்திருங்கள்." அந்தப் பென் டிரைவையும் அண்ணனிடமே விட்டுப் போனார். அக்கறையான ஆள் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். இந்த இரண்டு புத்திமதிகளும் பிந்தித்தான் என் காதுக்கு வந்தன.

முதல் வருகையில் பார்த்தது

தை பிறந்த இரண்டாவது வாரம் என்னை அழைத்தார். இரண்டு குறைகள் சொன்னார்.

ஒன்று, ஓபிஎஸ் அமைப்பில் என்வென்க் என்ற தெரிவே வரவில்லை. புராசசரை வைத்துச் சுருக்கும் எக்ஸ்264 மட்டும்தான் பட்டியலில் இருந்தது. அதை வைத்தே ஒரு கல்யாணத்தை ஓட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோன இடத்தில் படம் உறைந்தது. மறுபடி அசைந்தபோது அட்சதை தூவி முடிந்து, எல்லோரும் போட்டோவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் இன்னும் பாக்கித் தொகையைத் தரவில்லை.

இரண்டு, எடிட்டிங்கில் புதுக் கேமராவின் 4கே துண்டுகளை நான்கைந்து அடுக்கினால் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் தெறித்து, முழுத்திரையும் கறுத்து, சில வினாடி கழித்துத் திரும்ப வருகிறது. சில நேரம் திரும்ப வருவதே இல்லை.

கணினியில் உள்ள பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். 'என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று இருந்தது. கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் இல்லை. விண்டோஸோடு வரும் சோதனைக் கருவியான டிஎக்ஸ்டயாக் ஓட்டினேன். அங்கும் அதே பெயர், வீடியோ நினைவகம் 4 ஜிபியை ஒட்டிய எண். கார்டின் விசிறி மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அதேதான். மூன்று இடத்தில் ஒரே பெயர் என்றால் கார்டு அதுதான் என்று முடிவு செய்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

வழக்கப்படி டிஎக்ஸ்டயாக் அறிக்கையை ஒரு உரைக் கோப்பாகச் சேமித்து, அண்ணனின் வாட்ஸ்அப்பிலிருந்து என் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டேன். கடைக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று. படிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோப்புதான் பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது.

அன்று என் கண் முன்னால் இருந்தும் நான் பார்க்காதவை மூன்று.

மானிட்டர் பழையது. நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள்தான் அதில் இருந்தது. சிபியூ பெட்டியை நகர்த்துவதற்காக அந்தக் கேபிளின் இரண்டு திருகுகளையும் என் விரலாலேயே சுழற்றிக் கழற்றினேன். அது செருகியிருந்தது கிராபிக்ஸ் கார்டின் விஜிஏ துளையில். 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைச் சிப்புகளில், விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ, அவ்வளவுதான். விஜிஏ துளை வேண்டுமென்றால் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் ஒன்றைத் தயாரிப்பாளர் தனியாக வைத்தாக வேண்டும். விஜிஏ துளையைப் பார்த்த மாத்திரத்தில் எழ வேண்டிய கேள்வி எனக்கு எழவில்லை, காரணம் இருபது வருடமாக நீலத் துளையைப் பார்த்துப் பழகிய கை.

கார்டுக்கு ஆறு முனைப் பவர் கனெக்டர் இருந்தது. 1050 டிஐ 75 வாட் கார்டு. மதர்போர்டின் ஸ்லாட்டே அவ்வளவையும் கொடுத்துவிடும், தனிப் பவர் தேவையில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டி விற்கும் சில தயாரிப்பாளர்கள் 1050 டிஐயிலும் ஆறு முனை வைத்ததுண்டு. அந்த வகை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது, டிரைவரின் பதிப்பு. டிவைஸ் மேனேஜரில் 23.21.13.9135 என்று இருந்தது. என்விடியா டிரைவர்களில் கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்துப் புள்ளி வைத்தால் அவர்கள் வெளியிடும் எண் கிடைக்கும்: 391.35. அது 2018 மார்ச்சில் வந்தது. நான்கு வருடப் பழைய டிரைவரை ஒருவர் மெனக்கெட்டுப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் வீணான பத்து நாட்களும்

கார்டு சரி என்று ஆன பிறகு மிச்சமிருப்பது பவர் சப்ளை, ரேம், விண்டோஸ். அந்த வரிசையில் போனேன்.

பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) உள்ளே இருந்தது. சுமை ஏறும்போதுதான் திரை கறுக்கிறது என்பதால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது நியாயம்தான். 3,400 ரூபாயில் நல்ல எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். கறுப்புத் திரை அப்படியே வந்தது. ரேம் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரவு முழுவதும் சோதனை ஓட்டினேன். குறை இல்லை. கடைசியாக, விண்டோஸைப் புதிதாக ஏற்றிப் பார்க்க வேண்டும், கடையில் வைத்துச் செய்கிறேன் என்று சொல்லி, சிபியூவைப் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினேன். யானைமலை தாண்டும் வரை அது என் மடியில் இருந்தது. இந்தப் பயணம் எவ்வளவு பெரிய தவறு என்று மறுநாள் தெரிந்தது.

பெயர் மாறியது

விண்டோஸ் ஏறி முடிந்தது. இணைய இணைப்பைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். விற்றவரின் எச்சரிக்கை எனக்குத் தெரியாது என்பதால் அப்டேட்டை அணைக்கவில்லை. திரும்பி வந்தபோது விண்டோஸ் தானாகவே கார்டுக்கு டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் இருந்த பெயர்: 'என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 550 டிஐ'.

நான் அதை ஏதோ தவறான டிரைவர் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். போன் செய்து, "அண்ணே, கார்டு பெயர் 550 டிஐ என்று காட்டுகிறது, டிரைவர் குழப்பம் போலத் தெரிகிறது, காலையில் பார்க்கிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நான் கொடுத்துவிட்டது 1050 அல்லவா, தம்பி?" என்றார். அந்தத் 'தம்பி'யில் வழக்கமான ஒட்டுதல் இல்லை.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஸ்டுடியோவில் இருந்தவரை 1050 டிஐ. என் கடைக்கு வந்து ஒரே இரவில் 550 டிஐ. இடையில் கை வைத்தது நான் ஒருவன். மைத்துனர் வாய் திறந்து கேட்கவில்லை. ரேக்கில் இருந்த பழைய கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கிவந்த டீயை இருவரும் தொடவில்லை.

அடையாளம் கண்ட விதம்

பழுதைக் கண்டுபிடிப்பது இரண்டாம் வேலை ஆகிவிட்டது. அதே கார்டுதான் இது என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அதுவும் என் வாயால் இல்லாமல்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணனை அவர் போனிலேயே திறக்கச் சொன்னேன். அனுப்பிய தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. சிபியூ ஸ்டுடியோவை விட்டு வெளியேறுவதற்கு ஒன்பது நாள் முந்தையது. 'கார்டு நேம்' என்ற வரியில் 1050 டிஐ என்றுதான் இருந்தது. அதற்குச் சில வரிகள் கீழே 'டிவைஸ் கீ' என்று ஒரு நீண்ட வரி. அதில் வெண்டர் 10டிஇ, டிவைஸ் 1244.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிசிஐ ஸ்லாட்டில் செருகும் எந்தக் கார்டும் கணினியிடம் முதலில் பெயரைச் சொல்வதில்லை, இரண்டு எண்களைத்தான் சொல்கிறது. முதல் எண் சிப்பைச் செய்த நிறுவனம்: என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002, இன்டெலுக்கு 8086. (இன்டெல் தன் பழைய புகழ்பெற்ற புராசசரின் எண்ணையே தனக்கு வைத்துக்கொண்டது.) இரண்டாவது எண் எந்த மாடல் என்பது. டிரைவரோடு வரும் பட்டியலில் இந்த எண்ணுக்கு எதிரே என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதைத்தான் விண்டோஸ் திரையில் காட்டுகிறது. பட்டியலைத் திருத்தினால் பெயர் மாறிவிடும். உண்மையான 1050 டிஐயின் எண் 1சி82. 1244 என்பது 550 டிஐ.

ஆக, முதல் வருகையிலேயே பொய்ப் பெயரும் மெய்யான எண்ணும் ஒரே பக்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

அண்ணன் அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தார். மைத்துனர் சரியான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "பெயரை மாற்றத் தெரிந்தவனுக்கு எண்ணை மாற்றத் தெரியாதா?" தெரிந்தவர்கள் இருக்கலாம். கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திருத்தி எழுதுபவர் எங்கே நிறுத்துவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மேலும் மூன்று சோதனைகளை அவர்கள் கண் முன்னாலேயே செய்வது என்று முடிவு செய்தேன். மைத்துனர் போனில் முழுவதையும் வீடியோ எடுத்தார். நானே எடுக்கச் சொன்னேன்.

முதலில், விற்றவரின் பென் டிரைவ். அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். அதிலிருந்த டிரைவரைப் போட முயன்றால் விண்டோஸ் மறுத்தது. கையொப்பம் (தயாரிப்பாளர் கொடுத்தபடியே இருக்கிறது என்பதற்கான டிஜிட்டல் முத்திரை) சரியில்லாத டிரைவர் என்றது. மறுதொடக்க அமைப்பில் போய் டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுப் போட்டதும் ஏறியது. திரை ஒரு முறை சிமிட்டியது. டிவைஸ் மேனேஜரில் மறுபடியும் 1050 டிஐ. அதை நீக்கி, விண்டோஸ் அப்டேட்டை விட்டு அதன் டிரைவரைப் போடச் சொன்னேன். மறுபடி 550 டிஐ. ஒரு மணி நேரத்துக்குள், ஒரு திருகைக்கூடத் தொடாமல், அந்தக் கார்டு இரண்டு முறை பெயர் மாற்றிக்கொண்டது. மைத்துனர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பென் டிரைவ் டிரைவரை மறுபடி ஏற்றிய நிலையில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இது சிப்பையே நேரடியாகப் படித்துப் பார்ப்பது. 2018-இல் வந்த 2.12.0 பதிப்பிலிருந்து, பழைய என்விடியா சிப்புக்குப் புதுப் பெயர் வைத்த போலிக் கார்டுகளை அடையாளம் கண்டு, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அதுவே குறித்துவிடும். குறித்தது. சிப்பின் பெயர் ஜிஎஃப்116, நினைவகப் பாதை 192 பிட், பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. அசல் 1050 டிஐ என்றால் ஜிபி107, 128 பிட், 3.0 என்று இருந்திருக்க வேண்டும். நினைவகம் மட்டும் இங்கும் 4 ஜிபி என்றே வந்தது. அந்த எண்ணைக் கார்டின் பயாஸில் கை வைத்து மாற்றியிருந்தார்கள். வீடியோ நினைவகத்தை நிரப்பிப் பார்க்கும் ஒரு சோதனையை ஓட்டினோம். 1 ஜிபி வரை ஒழுங்காக ஏறியது. தாண்டியதும் அதே பச்சை, ஊதாச் சதுரங்கள். "இதுதான் தம்பி, இதுதான்" என்று அண்ணன் திரையில் விரலை வைத்துச் சொன்னார். 4கே துண்டுகளை அடுக்கும்போது நடந்தது இதுதான். 4 ஜிபி இருக்கிறது என்று நம்பி மென்பொருள் அள்ளிக் கொட்டுகிறது, பாத்திரம் 1 ஜிபி.

கடைசிச் சோதனைக்கு முன்னால் சற்று யோசித்தோம். விசிறியைக் கழற்றிச் சிப்பைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. ஆனால் கழற்றிய கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று விற்றவர் சொல்லலாம். திருகுகளின் மேல் உத்தரவாத ஸ்டிக்கர் எதுவும் இல்லை என்பதை வீடியோவில் காட்டிவிட்டு, கழற்றுவது என்று அண்ணனே முடிவு சொன்னார். இவ்வளவு நேரம் பார்த்தது எல்லாம் திரையில் வந்த எழுத்து, திரையை அவர் இனி நம்புவதாக இல்லை என்றார்.

ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள். மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தி எடுத்தேன். உள்ளே வெப்பப் பசை காய்ந்து, பழைய சுவரின் சுண்ணாம்பு போலப் பெயர்ந்து வந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் எழுத்துகள் எழுந்தன. நான் படிக்கவில்லை, அண்ணனைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, "ஜி... எஃப்... ஒன்று ஒன்று ஆறு" என்று படித்தார். கீழ் வரியில் 1127 என்று இருந்தது. 2011-ஆம் ஆண்டின் 27-ஆவது வாரத்தில் செய்த சிப். 1050 டிஐ என்ற கார்டு சந்தைக்கு வந்ததே 2016 அக்டோபரில்தான்.

மற்றக் குறைகளும் தாமாகவே விளங்கின. ஜிஎஃப்116 ஃபெர்மி தலைமுறைச் சிப். என்வென்க் அதற்கு அடுத்த கெப்ளர் தலைமுறையில்தான் வந்தது. ஓபிஎஸ் பட்டியலில் இல்லாததற்கு எந்த டிரைவர் குழப்பமும் காரணமில்லை, சிப்பில் அந்தச் சுற்றே கிடையாது. 391.35 டிரைவர் ஏன் என்பதும் அதே கணக்கு: 2018 ஏப்ரலில் ஃபெர்மிக்கான வழக்கமான டிரைவர் ஆதரவை என்விடியா நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிந்தைய வழக்கமான டிரைவர் எதுவும் இந்தச் சிப்பை ஏற்காது. 550 டிஐ 116 வாட் கார்டு, அதனால்தான் ஆறு முனை.

டீ ஆறிப்போயிருந்தது. புதிதாக மூன்று சொல்லி அனுப்பினோம்.

பின்னர் நடந்தது

எஸ்எம்பிஎஸ்ஸை நான் திரும்ப எடுத்துக்கொண்டு 3,400 ரூபாயையும் கொடுத்துவிட்டேன். என் தவறான கணிப்புக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை.

விற்றவரிடம் மூவரும் போனோம். வீடியோவைப் பார்த்தார். தனக்கே ஒரு மொத்த லாட்டில் இப்படித்தான் வந்தது என்றார். அது உண்மையா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று மைத்துனர் சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வழியிருக்கிறது. பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் போன பதிவு கையில் இருந்தது. ஆனால் மாசியில் ஆறு கல்யாணம் ஒப்புக்கொண்ட மனிதர் எத்தனை நாள் அலைய முடியும்? கார்டைத் திருப்பிக் கொடுத்தால் 7,000, வைத்துக்கொண்டால் 4,000 என்று விற்றவர் இறங்கி வந்தார். அண்ணன் கார்டைக் கொடுத்து 7,000 வாங்கிக்கொண்டார்.

கொடுப்பதற்கு முன், கார்டின் பின்பக்கத்தில் அழியாத மார்க்கரால் '550 டிஐ, 1 ஜிபி' என்று பெரிதாக எழுதினேன். விற்றவருக்குப் பிடிக்கவில்லை. அந்த எழுத்தைத் தின்னரால் துடைக்க இரண்டு நிமிடம் போதும் என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வேறு கார்டு தேடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கேட்க வேண்டியதை நான் கேட்டேன்: இந்தக் கணினியில் கார்டைத் தவிர வேறு என்ன கிராபிக்ஸ் இருக்கிறது? ஐ5 6500 புராசசருக்குள்ளேயே இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 530 இருக்கிறது. அதில் குயிக் சிங்க் என்ற, என்வென்க் செய்யும் அதே வேலையைச் செய்யும் சுற்று உண்டு. ஓபிஎஸ்ஸுக்கு அது தெரியும். கார்டு போடுவதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது. ஓபிஎஸ்ஸில் ஒரே ஒரு தெரிவை எக்ஸ்264-லிருந்து குயிக் சிங்க்குக்கு மாற்ற வேண்டியதுதான் அப்போதே மிச்சமிருந்த வேலை. கார்டு செருகிய பிறகு, பல மதர்போர்டுகள் செய்வது போல இதுவும் உள் கிராபிக்ஸை அணைத்து வைத்துக்கொண்டது. அதனால் நான் முதலில் போனபோது அந்தத் தெரிவு பட்டியலிலேயே இல்லை.

கார்டை எடுத்ததும் உள் கிராபிக்ஸ் தானே விழித்துக்கொண்டது. நீலத் தலைக் கேபிளை மதர்போர்டின் விஜிஏ துளையில் செருகினோம். இன்டெல் டிரைவர் போட்டு, ஓபிஎஸ்ஸில் குயிக் சிங்க்கைத் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் சோதனை ஓட்டினோம். புராசசர் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. மாசிக் கல்யாணம் அழகர்கோவில் சாலை மண்டபம் ஒன்றில். நேரலை மூன்று மணி நேரம் ஓடியது. இரண்டு முறை நின்றது. இரண்டுமே மண்டபத்தில் போன் சிக்னல் விழுந்ததால். தாலி கட்டும்போது நிற்கவில்லை. 4கே எடிட்டிங் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதற்குத் துண்டுகளைச் சிறிதாக்கிய நகல்களை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் அசலைச் சேர்த்துக்கொள்ளும் முறையைப் பழக்கிக் கொடுத்தேன்.

இப்போது மாற்றிச் செய்வது

எந்தக் கணினி வந்தாலும் டிவைஸ் மேனேஜரில் பெயரைப் பார்த்துவிட்டு மூடுவதில்லை. கார்டின் பண்புகளில் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை எழுதிக்கொள்கிறேன். அரை நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி செருகியிருக்கும் கார்டுகளின் எண்களைப் படித்துக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுக்கிறேன். விண்டோஸில் யார் எந்த டிரைவரைத் திருத்தி வைத்திருந்தாலும் அந்தப் பட்டியலை அது தொடுவதில்லை. மேலூர்க் கார்டுக்கு முதல் நாளே இதைச் செய்திருந்தால், ஐந்து நிமிடத்தில் ஜிஎஃப்116 என்று வந்திருக்கும்.

பின்பக்கத் துளைகளை இப்போது வாய்விட்டு எண்ணுகிறேன். கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "விஜிஏ ஒன்று, டிவிஐ ஒன்று" என்று சொல்லும்போது, சொல்லும் பெயருக்கும் துளைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று காது கேட்டுவிடுகிறது.

'எத்தனை ஜிபி கார்டு?' என்று கேட்பதை விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் பழைய கார்டு வாங்குபவர், விற்பவர் இருவருமே கார்டை இப்படித்தான் அழைக்கிறார்கள்: 2 ஜிபி கார்டு, 4 ஜிபி கார்டு என்று. மாடலைக் கேட்டால்தான் ஏதோ பிடிவாதம் பிடிப்பது போலப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் பயாஸில் மாற்றி எழுத மிகவும் தோதானது அந்த ஜிபி எண்தான்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தது பற்றி இன்னும் எனக்கு ஒரு முடிவு இல்லை. அண்ணனுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம் பெரிது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வித்தியாசத்தை நான் போட்டுக் கார்டை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

வாடிக்கையாளரின் சிபியூவைக் கடைக்கு எடுத்து வருவதற்கு முன், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் அவர் முன்னிலையில் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுகிறேன். போன மாதம் அண்ணனின் இன்னொரு கணினியை எடுத்துவரப் போயிருந்தேன். மூடியைக் கழற்றிப் போனை வெளியே எடுத்தபோது, எதிரே அவரும் தன் போனை எடுத்துக்கொண்டிருந்தார்.